பிறர் தவறு தெரிகிறது, என் தவறு மட்டும் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 36. ஓராண்டாகத் தர்க்கப் பிழைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். பிறர் பேசும்போது எங்கே சறுக்குகிறார்கள் என்பது உடனே புரிந்துவிடுகிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டினால் வீட்டில் யாருக்கும் பிடிப்பதில்லை. அப்பா என்னிடம் செய்திகளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். என் விஷயம் என்று வரும்போதோ இந்தப் படிப்பு கைகொடுக்க மறுக்கிறது. மிகவும் சோர்வாக இருந்த சமயத்தில் நண்பர் ஒருவர் சொன்ன சத்து மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டே வாரத்தில் தெம்பு வந்தது. அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்கிறார் மனைவி. இதற்கிடையில் எங்கள் அலுவலகத்தில் பொய்ச் செலவுக் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்று, என்னுடன் வேலை செய்பவரின் ரசீதைச் சந்தேகத்துக்குரியது என்று காட்டியிருக்கிறது. அது 90 சதவீதம் துல்லியமானதாம். அப்படியானால் அவர் ஏமாற்றியிருக்க 90 சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அன்றாட வாழ்க்கையில் சரியாகச் சிந்திக்க எப்படிப் பழகுவது? அதற்குத் தனி அறிவுத்திறன் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் விடைதான் மற்றவற்றுக்கு வழி திறக்கிறது. பிறருடைய பிழை பளிச்சென்று தெரிய, தம்முடைய பிழை மட்டும் கண்ணில் படாமல் போவது உங்களிடம் மட்டும் உள்ள குறை அன்று. எமிலி ப்ரோனின் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பலவகை மனச்சாய்வுகளை, அதாவது நம்மை அறியாமலே ஒரு பக்கமாகச் சாய்ந்து நினைக்கும் போக்குகளை, ஒவ்வொன்றாக விளக்கி, இது உங்களிடம் எந்த அளவு இருக்கிறது, மற்றவர்களிடம் எந்த அளவு இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலும் எல்லோருமே தம்மிடம் குறைவு, பிறரிடம் அதிகம் என்றே விடை சொன்னார்கள். 2012இல் ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டனோவிச் முதலியோர் இதையே வேறு கோணத்தில் பார்த்தார்கள்: அறிவுத்திறன் தேர்வுகளில் அதிக மதிப்பெண் பெறுபவர்களிடமாவது இந்தக் குருட்டுப்புள்ளி சிறிதாக இருக்கிறதா? இல்லை. ஆகவே தனி அறிவுத்திறன் வேண்டுமா என்ற கவலையை நீங்கள் விட்டுவிடலாம். அறிவு கூர்மையானவர், தான் ஏற்கெனவே நம்புகிற ஒன்றுக்கு இன்னும் நல்ல காரணங்களைக் கண்டுபிடித்துக்கொள்ளவும் கூடும்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிறரை நாம் அவர்களுடைய சொல்லையும் செயலையும் வைத்து எடைபோடுகிறோம். நம்மை எடைபோடும்போது மட்டும் உள்ளே திரும்பி, ‘நான் ஒருதலைப்பட்சமாக நினைத்தேனா?’ என்று மனத்தையே கேட்கிறோம். மனமோ, உண்மையாகவே, ‘இல்லை’ என்று சொல்கிறது. சாய்வு என்பது உள்ளே எந்த உறுத்தலும் இல்லாமல் வேலை செய்வதால், தேடினாலும் அதன் தடயம் அங்கே கிடைக்காது. இன்னும் நேர்மையாக, இன்னும் ஆழமாக உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்று எண்ணுவது வீண். வெளியிலிருந்து ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தால்தான் அது பிடிபடும்.

அந்தக் கேள்வி என்ன என்பதற்கு நான் பெரிதும் மதிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. 1979இல் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர், மரண தண்டனையை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் அழைத்து, அந்தத் தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வறிக்கை ஒன்றையும், குறைக்கவில்லை என்று சொல்லும் அறிக்கை ஒன்றையும் படிக்கக் கொடுத்தார்கள். இரு தரப்பினரும் தங்கள் கருத்துக்கு ஒத்துவந்த அறிக்கை சிறப்பாகச் செய்யப்பட்டது என்றும், மற்றதில் ஓட்டைகள் இருக்கின்றன என்றும் கண்டார்கள். படித்து முடித்தபின் தங்கள் நிலையில் முன்பைவிட உறுதியாக நின்றதாகவும் சொன்னார்கள். 1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் ப்ரெஸ்டனுடன் சேர்ந்து இதை மீண்டும் செய்தபோது, ஒரு குழுவினரிடம் ‘நீதிபதியைப் போல நடுநிலையோடு பாருங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு பயனும் இல்லை. இன்னொரு குழுவினரிடம், ‘இதே ஆய்வு, இதே முறையில் நடந்து, முடிவு மட்டும் எதிராக வந்திருந்தால், இதே மதிப்பீட்டைத்தான் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றார்கள். அந்தக் குழுவில் சாய்வு மறைந்துபோயிற்று.

நடுநிலையாக இரு என்பது அறிவுரை. முடிவு மாறி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்பது வேலை. மனம் அறிவுரையை எளிதாக ஒப்புக்கொண்டு, பழையபடியே நடக்கும். வேலையைக் கொடுத்தால்தான் அது நகர்கிறது. தர்க்கப் பிழைகளின் பட்டியலை ஓராண்டு படித்தும் உங்களுக்கு உதவாமல் போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: அந்தப் பட்டியல் பிறர் பேச்சைப் பார்த்துத்தான் நீட்டப்படுகிறது.

இந்தக் கேள்வியை உங்கள் மாத்திரையின் மேல் வைத்துப் பார்ப்போம். இரண்டு வாரம் சாப்பிட்டும் சோர்வு கூடியிருந்தால் மாத்திரை பயனற்றது என்று முடிவு செய்திருப்பீர்களா? அல்லது, வேலைப்பளு அதிகம், தூக்கம் சரியில்லை, மாத்திரை வேலை செய்ய இன்னும் நாளாகும் என்று சொல்லியிருப்பீர்களா? இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றினால், தெம்பு வந்ததையும் நீங்கள் சான்றாகக் கொள்ள முடியாது. எந்த விளைவு வந்தாலும் ஒரே முடிவுக்கு வருவதாக இருந்தால், அந்த விளைவு உங்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சோர்வு, தலைவலி, மூட்டுவலி, மனச்சோர்வு போன்றவை ஏறி இறங்கும் தன்மையுடையவை. மனிதர்கள் மருந்தைத் தேடுவது அவை உச்சத்தில் இருக்கும்போதுதான். சுமாராக இருக்கும் நாளில் யாரும் நண்பரிடம் யோசனை கேட்பதில்லை. உச்சத்தில் இருந்த ஒன்று, எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த சில வாரங்களில் தன் வழக்கமான அளவை நோக்கி இறங்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் சமயத்தில் என்ன சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குள்ளமாக இருப்பதைக் கவனித்து, பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே இந்தப் போக்கைக் கணக்கிட்டுக் காட்டினார். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்தியபோது, அனுபவம் மிக்க பயிற்சியாளர் ஒருவர், நன்றாக ஓட்டிய மாணவரைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார், மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், ஆகவே திட்டுதான் பலன் தருகிறது என்று வாதிட்டார். அவர் கண்டது உண்மை. சொன்ன காரணம்தான் தவறு. மிக நன்றாக அமைந்த பறத்தலுக்கு அடுத்தது, பாராட்டு இல்லாவிட்டாலும் சற்று இறங்கவே செய்யும். மிக மோசமானதற்கு அடுத்தது, திட்டு இல்லாவிட்டாலும் சற்று ஏறவே செய்யும். தன் கண்ணெதிரே பல ஆண்டுகள் நடந்ததிலிருந்தே ஒருவர் தவறான பாடத்தைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது.

உங்கள் வீட்டுத் தகராறைத் தீர்க்க வழி உண்டு. நீங்களும் மனைவியும் உட்கார்ந்து முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அளவு வேறுபாடு தெரிந்தால் மாத்திரைக்குப் பலன் உண்டு என்று இருவரும் ஒப்புக்கொள்வீர்கள்? பிறகு இரண்டு வாரம் நிறுத்தியும், இரண்டு வாரம் சாப்பிட்டும், மீண்டும் நிறுத்தியும் பாருங்கள். தினமும் இரவில், முந்தைய நாள் எழுதியதைப் பார்க்காமல், அன்றைய சோர்வுக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுங்கள். அளவுகோலை முன்பே எழுதுவதுதான் இதில் முக்கியம். எண்களைப் பார்த்தபிறகு அளவுகோலைத் தேடினால், இருவருக்குமே தமக்குச் சாதகமான ஒன்று கிடைத்துவிடும். மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எண்ணமே தெம்பைத் தரக்கூடும் என்பதால் இது முழுமையான சோதனை ஆகாது என்றாலும், வாக்குவாதத்தைவிட எவ்வளவோ மேல். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த எந்த மருந்தையும் இப்படி நிறுத்திப் பார்க்கக் கூடாது. சோர்வு தொடர்ந்தால் அதற்கு இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஏன் உங்களுக்கு இயல்பாக வரவில்லை? பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று இதைக் காட்டுகிறது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் ‘இரண்டிரண்டாகக் கூடுகிறது’ என்று ஊகித்து, 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் ‘பொருந்துகிறது’ என்ற பதில் வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 50 என்று ஒரே ஒரு முறை, தம் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். தவறான விடை எதையும் அறிவிக்காமல் நேரே சரியான விதியைச் சொன்னவர்கள் 29 பேரில் 6 பேர்தான். மாத்திரை சாப்பிட்ட நாள்களையே நீங்கள் எண்ணிக்கொண்டிருந்ததும், சாப்பிடாத நாள்களைப் பார்க்க நினைக்காததும் இதே வகைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அலுவலக விஷயம். அதில் ஒரு மனிதரின் பெயர் கெடுகிறது. 90 சதவீதம் துல்லியமான மென்பொருள் சுட்டிக்காட்டியதால் அவர் ஏமாற்றியிருக்க 90 சதவீத வாய்ப்பு என்று சொல்வது கணக்கிலேயே பிழை, அதுவும் பெரிய பிழை. கெர்ட் கிகரென்சரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் 1995இல் காட்டியபடி, இத்தகைய கணக்குகளைச் சதவீதத்தில் போடாமல் ஆள் எண்ணிக்கையாகவோ பொருள் எண்ணிக்கையாகவோ மாற்றிக்கொண்டால் பலருக்கும் எளிதில் விளங்கிவிடுகிறது. ஆகவே 1,000 ரசீதுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 10 பொய்யானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அந்தப் பத்தில் 9ஐப் பிடித்துவிடுகிறது. மீதி 990 நேர்மையான ரசீதுகளிலும் அது பத்தில் ஒன்றைத் தவறாகச் சந்தேகிக்கிறது. அதாவது 99 ரசீதுகள். மொத்தம் 108 ரசீதுகளின் மேல் சந்தேகக் குறி விழுகிறது, அவற்றில் உண்மையிலேயே பொய்யானவை 9. பன்னிரண்டில் ஒன்று. உங்கள் அலுவலகமும் இப்படிப்பட்டது என்றால், உங்கள் சக ஊழியர் மற்ற பதினொருவரில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

ஆனால் 1,000 ரசீதுகளில் 100 பொய்யானவையாக இருக்கும் ஓர் அலுவலகத்தில், இதே மென்பொருள் 90 பொய் ரசீதுகளையும் 90 நேர்மையான ரசீதுகளையும் சுட்டிக்காட்டும். அங்கே வாய்ப்பு சரிபாதி. மென்பொருள் ஒன்றுதான், துல்லியமும் ஒன்றுதான், விடை மட்டும் எங்கோ போய்விட்டது. ஆகவே உங்கள் அலுவலகத்தில் பொதுவாகப் பொய்க் கணக்கு எவ்வளவு என்ற எண் தெரியாமல் யாரும் எந்தச் சதவீதத்தையும் சொல்ல முடியாது. அந்த எண்ணைத்தான் அங்கே ஒருவரும் கேட்கவில்லை. துல்லியம் என்று ஒற்றை எண்ணாகச் சொல்லப்படுவதிலும் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன: பொய்யைப் பிடிக்கும் திறன் ஒன்று, நேர்மையானதை விட்டுவிடும் திறன் மற்றொன்று. விற்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் மனம் ஒப்பவில்லை என்பது அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சான்று ஆகாது. அவரை உங்களுக்குப் பிடித்திருப்பதாலும் அப்படித் தோன்றலாம். அதே சமயம் சந்தேகக் குறிக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் கணக்கின்படி, நூற்றில் ஒன்றாக இருந்த ஐயம் நூற்றில் எட்டு அளவுக்கு உயர்ந்திருக்கிறது. அந்த ரசீதை எடுத்துச் சரிபார்க்க இது போதும். ஒருவரைப் பற்றிப் பேச இது போதாது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களால் மேலாளரிடம் ஒரு கேள்வி கேட்க முடியும்: இதுவரை இந்த மென்பொருள் சுட்டிக்காட்டியவற்றில் எத்தனை, பின்னர் சரிபார்த்தபோது உண்மையிலேயே பொய்யாக இருந்தன? இந்தக் கேள்வியை நீங்கள் இந்த வாரமே கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி அன்றாடப் பயிற்சிக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முடிவு எடுக்கும்போதும், எதிர்காலத்தைப் பற்றி ஏதேனும் உறுதியாகத் தோன்றும்போதும், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், எத்தனை சதவீத உறுதி, ஏன், எதைக் கண்டால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிவையுங்கள். ‘அநேகமாக’, ‘வாய்ப்பு உண்டு’ என்ற சொற்களைத் தவிர்த்து எண்ணாகவே எழுதுங்கள், ஏனென்றால் ‘அநேகமாக’ என்பதைப் பிறகு எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம். எழுதாமல் நினைவை நம்புவது ஏன் ஆபத்து என்பதை பாருக் ஃபிஷாஃபும் ரூத் பேய்த்தும் 1975இல் காட்டினார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் செல்வதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கக்கூடும் என்று மாணவர்களிடம் கணிப்புக் கேட்கப்பட்டிருந்தது. பயணங்கள் முடிந்தபின், முன்பு என்ன கணித்தீர்கள் என்று கேட்டபோது, நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலரும் நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவே தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. இப்படித் திருத்திக்கொண்டே போகும் நினைவைக் கொண்டு ஒருவர் தம் தீர்ப்புத் திறனை ஒருபோதும் அளவிட முடியாது.

சில மாதங்கள் கழித்து, 80 சதவீத உறுதி என்று எழுதியவற்றை மட்டும் தனியே எடுத்து, எத்தனை நடந்தன என்று எண்ணுங்கள். பத்தில் எட்டுக்கு அருகில் வந்தால் உங்கள் உறுதிக்கும் உலகத்துக்கும் பொருத்தம் இருக்கிறது. பத்தில் ஐந்துதான் நடந்திருக்கிறது என்றால், எந்தத் துறையில் அப்படி ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலோர் வேலை முடிய எடுக்கும் நாள்களில் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். வானிலைக் கணிப்பாளர்கள் மழை வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்வதில் தேர்ந்திருப்பதற்குக் காரணம், மழை வந்ததா இல்லையா என்பது மறுநாளே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதுதான். அந்த வசதி நமக்குத் தானாக அமைவதில்லை. நோட்டுப் புத்தகம் அதை ஓரளவு அமைத்துத் தருகிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி எழுத வேண்டாம். தவறினால் இழப்பு பெரிது, திருத்துவது கடினம், அல்லது இன்னொருவரைப் பாதிக்கும் என்ற விஷயங்களுக்கு மட்டும் போதும். தர்க்கப் புதிர்களும் பயிற்சி வகுப்புகளும் தீங்கில்லை, ஆனால் அங்கே பழகியது தானாக வாழ்க்கைக்குள் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கிலும் சொந்த முடிவுகளிலும் செய்யும் பயிற்சிதான் உங்களிடம் தங்கும்.

கடைசியாக உங்கள் அப்பா. ஒருவர் சொன்ன காரணம் தவறு என்று காட்டுவதால் அவர் சொன்ன செய்தி பொய் ஆகிவிடாது. மோசமான காரணத்தோடு உண்மையைச் சொல்பவர்களும் உண்டு. அவருடைய பேச்சில் பிழையின் பெயரைச் சொன்ன ஒவ்வொரு முறையும், அவர் சொன்னது உண்மையா என்ற கேள்வி அங்கேயே நின்றுபோயிருக்கிறது. இனி அவர் ஒரு செய்தியைக் காட்டினால், ‘ஏன் நம்புகிறீர்கள் அப்பா?’ என்று கேட்காதீர்கள், அது குறுக்கு விசாரணை போலத் தொனிக்கும். ‘இது எப்படி நடக்கும் அப்பா, கொஞ்சம் விளக்குங்கள்’ என்று கேளுங்கள். லியோனிட் ரோசன்ப்ளிட்டும் பிராங்க் கீலும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்ற சாதாரணப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியுமா என்று கேட்டபோது நன்றாகத் தெரியும் என்றவர்கள், படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னபின் தம் புரிதலுக்குத் தாமே குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். யாரும் அவர்களை மட்டம் தட்டவில்லை. விளக்க முற்பட்டதே போதுமாயிருந்தது. அதே விளக்கத்தை உங்கள் பக்கத்துக் கருத்துக்கு நீங்களும் அவரிடம் சொல்லிப் பாருங்கள், அதுவும் முதலில் நீங்கள்.

செய்தியைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் இருவரும் சேர்ந்து பாருங்கள். தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் கவனித்தபோது, அவர்கள் ஓர் இணையதளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்காமல் விரைவிலேயே அதைவிட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார், அவரைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள் என்று தெரிந்தது. வரலாற்றுப் பேராசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தளத்துக்குள்ளேயே நின்று பலமுறை ஏமாந்தார்கள். இந்தத் தேடலுக்குச் சில நிமிடங்களே ஆகும். அப்படித் தேடியதில் அப்பா சொன்னதே சரி என்று தெரியவந்தால், அதை அன்றைக்கே, வீட்டில் மற்றவர்கள் இருக்கும்போது, அவரிடம் சொல்லுங்கள்.